தோட்ட வாரியமும் நம் கிழக்குப் பக்கத்துக் காலி இடமும்



குடவோலை என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது, தேர்தல் சமயத்தில் பேச்சாளர்கள் மேடையில் சொல்வது எல்லாம் அந்த ஊரைத்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் கல்வெட்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்த 30 பேரை என்ன செய்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

12 பேர் ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஊரின் பொது நிர்வாகத்துக்கு எத்தனை பேரோ அத்தனை பேர் தோட்டத்துக்கும்! ஏரிக்குக்கூடப் பாதிதான். அதிலும் ஆண்டு வாரியத்துக்குப் போகிறவர், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவராக, வயதிலும் படிப்பிலும் மூத்தவராக இருக்க வேண்டும். அதாவது மண்ணையும் தண்ணீரையும் பார்த்துப் பழகியவன்தான் மற்றதைப் பார்க்கலாம். நம் சங்கத்தில் தோட்டத்துக்கென்று இப்போது இருப்பது ஒரு ரப்பர் குழாயும், காலையில் பெருக்க வரும் அம்மா போகிற போக்கில் ஊற்றும் தண்ணீரும்.

அந்தச் சபை நம் இன்றைய அர்த்தத்தில் ஜனநாயகம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு பிரமதேய ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று நிபந்தனைகள். உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் எழுதி வைத்தது இன்றைக்கும் உறைக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய மாமன், மைத்துனன், மாமனார், சகோதரி மகன் வரை ஒரு நீளமான உறவுப் பட்டியலுக்கே தடை. கணக்கு எழுதியவன் தானே வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும், வேறொரு கணக்கனைக் கூட்டி வந்து முடிக்கக் கூடாது. 36 வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சபையாருக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

இதையெல்லாம் இப்போது எடுப்பதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். கட்டடத்தின் கிழக்குப் பக்கத்துக் காலி இடத்தில் தோட்டம் அமைப்பதென்று சென்ற கூட்டத்தில் முடிவானது. மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. பொதுக்குழுவுக்கு முன் எல்லோரும் படிக்கட்டும் என்று செயலாளர் அலுவலக அறையில் வைத்திருக்கிறார். நான் மூன்றையும் வரி வரியாகப் படித்தேன். வண்ணப் படங்கள் அழகாக இருக்கின்றன. செம்மண் எத்தனை லோடு, கொரியன் புல் எத்தனை சதுர அடி, பேவர் பிளாக், சிமெண்ட் பெஞ்சு, விளக்குக் கம்பம் என்று நான்கு பக்கம். பராமரிப்பு என்ற சொல் மூன்றிலும் கடைசி வரியில்தான் வருகிறது: ஒன்றில் 'ஒரு மாதம் இலவசம்', ஒன்றில் 'தனியாகப் பேசிக்கொள்ளலாம்', மூன்றாவதில் 'வாடிக்கையாளர் பொறுப்பு'.

நம் வட்டாரத்தில் தோட்டம் போட்டவர்கள் எழுதி வைத்த ஆவணங்கள் இதற்கு நேர் தலைகீழ்.

சோழநாட்டுக் கோயில்களில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் ஏராளம். திருநந்தவனப்புறம் என்றே அந்த நிலத்துக்குப் பெயர். நந்தவனத்தின் அழகைப் பற்றி அவற்றில் விவரிப்பு ஏதும் பெரிதாக இருக்காது. இன்னார் பெயரால் இந்த நந்தவனம் என்று ஒரு வரி. மீதி முழுவதும் நிலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு, அதன் வரியை யார் ஏற்கிறார்கள், அதில் வேலை செய்யும் நந்தவனக் குடிகளுக்கு நெல் எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, பறித்த பூ எந்த வேளைத் திருப்பள்ளித்தாமத்துக்குப் போக வேண்டும் என்பதுதான். துணிக்குக் கொடுப்பதற்குப் புடவைமுதல் என்று தனிப் பெயரே உண்டு. தண்ணீர் இறைப்பவர், பூப்பறிப்பவர், மாலை கட்டுபவர் என்று ஆளுக்கு ஆள் வேலை வேறு. தோட்டம் போடுவது ஒரு தரம். தோட்டக்காரர் சாப்பிடுவது தினமும். அந்தத் தினப்படிச் செலவுக்கு வழி செய்யாமல் யாரும் நந்தவனம் விட்டதாகக் கல்லில் வெட்டவில்லை.

நிலத்தை அடையாளம் சொல்லும் முறையையும் கவனியுங்கள். இன்றைக்கு நாம் சர்வே எண் சொல்கிறோம். சோழர் காலத்தில், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எழுதினார்கள். வதியும் வாய்க்காலும் கண்ணாறும்தான் நிலத்தின் விலாசம். காவிரித் தண்ணீர் எந்த வழியாக வந்து இந்த நிலத்தில் ஏறும் என்பது பத்திரத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நமக்கு வந்த மூன்று கொட்டேஷன்களில் இரண்டில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற பேச்சே இல்லை. மூன்றாவதில் ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறார்கள். அது நம் போர்வெல்லிலிருந்துதான் எடுக்கும். சித்திரை, வைகாசியில் மேல்மாடிக்கே தண்ணீர் ஏறாதபோது புல்லுக்கு எப்படிப் போகும் என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். 'டேங்கர் சொல்லிக்கலாம் சார்' என்றார்.

திருவாரூர் நமக்குப் பக்கம். கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். அப்படியானால் கட்டடத்துக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு தண்ணீருக்கு, அவ்வளவே பூவுக்கு. அளந்து பார்த்தால் சொல்வழக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் மனைத் திட்டம் என்று யோசித்தவர்கள் மனத்தில் எந்த விகிதம் இருந்தது என்பதை அது காட்டிக் கொடுத்துவிடுகிறது. கமலாலயத்தைப் பற்றிய இன்னொரு கதையும் உண்டு. பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தூர்ந்துபோயிருந்த குளத்தை அவர் தனி ஆளாகத் தோண்டினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்கூடையைச் சுமந்து வந்து கொட்டினார். மண்வேலைக்குப் போகிறவர்கள் கம்பு நட்டுக் கயிறு பிடிப்பதை இன்றைக்கும் பார்க்கிறோம். கண் தெரிந்தவர்களும் கயிறு கட்டாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

நன்னிலத்திலிருந்து சன்னாநல்லூர் வழியாக நாகப்பட்டினம் பேருந்தில் போனால் திருப்புகலூர் வரும். நம்மில் பலர் வாஸ்து பூஜைக்காக அங்கே போய்ச் செங்கல் வைத்து வந்தவர்கள்தான். வீடு கட்டும் விஷயமாகப் போகிறோமே தவிர, அது தோட்டக்காரர்களின் ஊர் என்பதை மறந்துவிட்டோம். முருக நாயனார் அந்த ஊர்க்காரர். விடியுமுன் எழுந்து நால்வகைப் பூவும் பறித்து மாலை கட்டியவர். அந்த நால்வகை என்ன? மரக்கிளையில் பூக்கும் கோட்டுப்பூ, கொடியில் பூக்கும் கொடிப்பூ, தரையோடு ஒட்டிய செடியில் பூக்கும் நிலப்பூ, குளத்தில் பூக்கும் நீர்ப்பூ. எந்த லேண்ட்ஸ்கேப் நிபுணரைக் கேட்டாலும் உயர மரம், சுவரில் ஏறும் கொடி, தரைச் செடி, தண்ணீர் என்று நான்கு அடுக்கு சொல்வார். அதற்குக் கட்டணமும் வாங்குவார். நம் முருக நாயனார் பூக்கூடையில் அந்தத் திட்டம் இருந்திருக்கிறது. நமக்கு வந்த மூன்று வரைபடங்களிலும் புல்தரைதான் முக்கால் பாகம். புல்லில் பூவும் இல்லை, நிழலும் இல்லை.

திருப்புகலூர்க் கோயிலைச் சுற்றி அகழி மாதிரி தீர்த்தம் இருக்கிறது. தலமரம் புன்னை. அப்பர் சுவாமிகள் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். சிலையிலோ படத்திலோ அப்பர் கையில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உழவாரம். புல் செதுக்கும் கருவி. அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, பருக்கைக் கல்லோடு சேர்த்து அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது புராணம். வங்கிக்காரனுக்குக் கொஞ்சம் மனம் பதறும் கதைதான்! இருந்தாலும் எனக்கு அதில் பிடித்தது வேறு. அப்பர் கையில் கன்று இல்லை, விதை இல்லை, பூக்கூடை இல்லை. களை எடுக்கும் கருவிதான் இருக்கிறது. தோட்டத்தைத் திறந்து வைப்பவர் படத்தில் வருவது இந்தக் காலத்து வழக்கம். களை எடுத்தவரைச் சிலையாக வைத்தது அந்தக் காலம்.

கூலிக்கு ஆளே வேண்டாம் என்று அடம்பிடித்த ஒருவர் கதையும் உண்டு. ராமானுஜர் விருப்பப்படி திருமலைக்குப் போய் நந்தவனம் போட்ட அனந்தாழ்வான். தானும் கர்ப்பிணி மனைவியுமாக மண் சுமந்து ஏரி வெட்டினார். உதவிக்கு வந்த சிறுவன் மேல் கோபத்தில் கடப்பாரையை வீசினார் என்பதும், அந்தக் கடப்பாரை கோயில் வாசலில் இன்றும் மாட்டியிருப்பதும் திருப்பதி போனவர்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பில் சனிக்கிழமை தோறும் எல்லோரும் மண்வெட்டி எடுத்தால் காண்ட்ராக்டரே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதிய நண்பருக்கு இந்தக் கதையைச் சமர்ப்பிக்கிறேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் முடியாது.

பணத்துக்கு வருகிறேன். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் முடித்தான். கட்டியதோடு விடவில்லை. கோயிலுக்கு வந்த பொற்காசுகளைச் சோழமண்டலத்து ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்து, ஆண்டு வட்டி வரும்படி ஏற்பாடு செய்தார்கள். காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். முதலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் செலவு. நீராட்டுக்கு வேண்டிய ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்கக்கூட இப்படித் தனியாக முதல் வைத்திருக்கிறார்கள். செண்பக மொட்டுக்கு வைப்பு நிதி!

வைப்பு வைக்கக் காசுக்குப் பதில் ஆடு கொடுத்த ஒப்பந்தங்கள் இன்னும் சுவாரசியம். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கிறது. சாகாமலும் மூப்படையாமலும் ஆடு இருக்குமா? செத்தது செத்த இடத்தில் குட்டியை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றுக்கொண்டவர் பொறுப்பு என்பது அதன் பொருள். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆட்டை வாங்கிய இடையரின் பெயரோடு அவருடைய உறவினர் பெயர்களும் வரிசையாக இருக்கும். அவர் அளக்காவிட்டால் இவர்கள் அளக்க வேண்டும். கடன் பத்திரத்தில் நாங்கள் ஜாமீன்தாரர் கையெழுத்து வாங்குவோமே, அதே சமாசாரம்.

செடி விஷயத்தில் நமக்கு வேண்டியது இந்தச் சாவா மூவாப் பேராடுதான். 200 கன்று நட்டதாக பில் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து எண்ணினால் 120 இருக்கும். 'மண் சரியில்லை சார், தண்ணி ஊத்தலை சார்' என்பார்கள். முதல் ஆண்டு முடியும்வரை செத்த கன்றுக்கு அதே வகை, அதே உயரத்தில் வேறு கன்று நட்டு எண்ணிக்கையைச் சமன் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். அதற்குப் பிடிமானமாகக் கடைசித் தவணையில் ஒரு பகுதியை நாம் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். பொதுப்பணித் துறை வேலைகளில் இது சாதாரண நடைமுறை. முன்பணமாகப் பாதித் தொகை கேட்கும் கொட்டேஷனும் இந்த மூன்றில் இருக்கிறது. பொருள் வந்து இறங்காமல் அவ்வளவு கொடுப்பதற்கு நான் கை தூக்க மாட்டேன்.

வங்கியில் தென்னந்தோப்புக்குக் கடன் விண்ணப்பம் வந்தால், கன்று விலை, குழி வெட்டும் கூலி, வேலி, மோட்டார் இதோடு கணக்கை முடிக்க மாட்டோம். மரம் காய்ப்புக்கு வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் உரம், தண்ணீர், களைக்கு ஆகும் செலவையும் கூட்டித்தான் திட்ட மதிப்பீடு போடுவோம். அதைச் சேர்க்காமல் கொண்டு வந்த மனுவை மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் தென்னை விழுந்தபோது அழுதவர்கள் ஒரு மரத்துக்காகவா அழுதார்கள்? அதில் போட்ட அத்தனை வருடத்துக்காகவும் அல்லவா அழுதார்கள்.

இப்போது நம் கணக்கு. ஒரு பேச்சுக்கு நம்மிடம் 6 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் தோட்டம் அமைப்பதிலேயே கொட்டிவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கை ஏந்த வேண்டும். பாதியில் தோட்டம் அமைத்து, மீதி 3 லட்சத்தை டெபாசிட்டில் போட்டால், 7 சதவீதம் என்றாலும் ஆண்டுக்கு 21,000. மாதம் 1,750. ராஜராஜன் வட்டி கிடைத்திருந்தால் 37,500, மாதம் 3,125 வந்திருக்கும். அந்த யோகம் நமக்கு இல்லை. 1,750-ல் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் 48 வீடும் மாதம் 150 ரூபாய் கூடப் போட்டால் 7,200. இரண்டும் சேர்ந்து 8,950. காலையில் சில மணி நேரம் தோட்டத்தை மட்டும் பார்க்க ஒருவரை வைக்கலாம். இப்போது பெருக்க வரும் அம்மாவுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அவர் பிறந்தது வயல் வேலை செய்யும் குடும்பம். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது நம் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் அவர் அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார் என்பது நாம் யாரும் பேசாத விஷயம்.

சந்தா போட்டுத் தோட்டம் நடத்துவது புதிதல்ல. 1840-களில் உதகமண்டலத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான் ஒரு சங்கம் மாதிரி கூடி, ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் ஆரம்பித்தார்கள். சந்தா கட்டியவர் வீட்டுக்குக் காய்கறி வரும் என்பது ஏற்பாடு. அது ஓடவில்லை. பிறகு 1847-இல் மறுபடி நிதி திரட்டி, பொதுத் தோட்டமாக அமைப்பதென்று முடிவு செய்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ட்வீடேல் பிரபு ஆதரவு கொடுத்தார். இந்தத் தடவை அவர்கள் செய்த வித்தியாசம், வேலை தெரிந்த ஒரு ஆளைத் தேடியது. இங்கிலாந்தில் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்தார். தொட்டபெட்டா சரிவில் மேலே காடு, கீழே சதுப்பு. அதைத் திருத்தி, வடிகால் போட்டு, தளம் தளமாக வெட்டித் தோட்டமாக்க அவருக்குச் சுமார் 10 ஆண்டு ஆயிற்று. இன்று நாம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் என்று பிள்ளை குட்டியோடு போய்ப் படம் எடுத்துக்கொள்வது அதுதான். நம் கொட்டேஷனில் '45 நாளில் முடித்துத் தரப்படும்' என்று இருக்கிறது. கல் பதிப்பதும் பெஞ்சு போடுவதும் 45 நாளில் முடியும், மறுக்கவில்லை.

நம் டெல்டாவில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: குடிமராமத்து. குடி என்றால் குடியிருப்பவர்கள், மராமத்து என்றால் பழுது பார்ப்பது. வாய்க்கால் தூர் எடுப்பது, கரையில் உடைப்பு அடைப்பது எல்லாம் அந்தத் தண்ணீரை அனுபவிக்கும் ஊராரின் முறை வேலை. கும்பினி ஆட்சி வந்து, வரி வசூலுக்கு ஒருவர், வேலைக்கு காண்ட்ராக்டர், மேற்பார்வைக்கு இன்ஜினியர் என்று பிரித்த பின் அந்த முறை நலிந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஊராரை வேலைக்கு வரச் சொல்லும்படி ஆயிற்று. தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால் என்ன பொருள் என்று யோசியுங்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஏரி, குளம் தூர்வாரும் திட்டம் கொண்டு வந்தது நினைவிருக்கும். குடியிருப்போர் நலச் சங்கம் என்று நம் பெயர்ப் பலகையில் இருக்கும் 'குடி'யும் அந்தக் குடிமராமத்தில் இருக்கும் 'குடி'யும் ஒன்றுதான்.

மண்ணைப் பற்றி ஒரு விஷயம். நன்னிலம் என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல நிலம்தான், ஆனால் நெல்லுக்கு நல்ல நிலம். களிமண். ஐப்பசி, கார்த்திகையில் சேறு. பங்குனி, சித்திரையில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. வேர் மூச்சு விட முடியாமல் மழைக்காலத்தில் அழுகும் செடிகளே அதிகம். அதோடு கிழக்குப் பக்கத்தில் கட்டுமானம் நடந்தபோது கொட்டிய கல்லும் சிமெண்டுக் கட்டியும் ஒரு அடிக்குக் கீழே கிடக்கிறது. அதற்கு மேல் ஆறு அங்குலம் செம்மண் பரப்பிப் புல் ஒட்டினால் முதல் கோடை தாங்காது. முதலில் அந்தக் குப்பையை எடுக்க வேண்டும், அப்புறம் மேடும் வடிகாலும். மூன்று கொட்டேஷனில் நடுவிலை சொன்னவர் மட்டும்தான் நேரில் வந்து கடப்பாரையால் நான்கு இடத்தில் குத்திப் பார்த்தார். மற்ற இருவரும் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து விலை சொன்னவர்கள். என் ஓட்டு யாருக்கு என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மரங்கள்: புன்னை, மகிழம், பூவரசு, பவழமல்லி இவை நம் மண்ணில் வளர்ந்து பழகியவை. சுவரோரம் நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி. பிள்ளைகள் விளையாடும் பக்கம் அரளி வேண்டாம், அதன் பால் விஷம். ஒரு வரைபடத்தில் மதில் ஓரம் வரிசையாகக் கோனோகார்பஸ் காட்டியிருக்கிறார்கள். அது சீக்கிரம் வளரும், பச்சையாகத் தெரியும். ஆனால் தமிழ்நாடு அரசு 2025-இல் அதை நடத் தடை விதித்துவிட்டது. காண்ட்ராக்டர் பழைய படத்தையே எல்லோருக்கும் அனுப்புகிறார் போலிருக்கிறது. இன்னொரு வரைபடம், கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கும் பூவரசை வெட்டிவிட்டு அந்த இடத்தில் செயற்கை நீரூற்று வைக்கச் சொல்கிறது. அந்த மர நிழலில்தான் மாலையில் நாம் நாலு பேர் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறோம். நம் ஊர்ச் சிவன் கோயில் சுவாமிக்கு மதுவனேசுவரர் என்று பெயர். தேவர்கள் தேனீயாக வந்து வழிபட்டதால் மதுவனம் என்பது தல புராணம். தேனீ பெயரில் சுவாமி இருக்கும் ஊரில் பூக்கிற மரத்தை வெட்டிப் பிளாஸ்டிக் நீரூற்று வைப்பதைச் சங்கத் தீர்மானமாக நிறைவேற்ற எனக்குச் சம்மதமில்லை.

பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் கொண்டு வரும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, தோட்ட வாரியம். 12 பேர் கிடைக்க மாட்டார்கள். 5 பேர் போதும், அதில் இரண்டு பேராவது பெண்கள். 360 நாள் பதவி, உத்திரமேரூரில் இருந்தது போலவே. தோட்டக் கணக்குக்குத் தனி நோட்டு, அதை எழுதுகிறவரே பொதுக்குழுவில் எழுந்து வாசிக்க வேண்டும். உறவினர்களுக்கெல்லாம் தடை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட்டால் சங்கத்துக்கு நிற்க ஆளே இருக்காது. இரண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தை மழைக்குப் பின் வைத்துக்கொள்வது. தை மாதம் நடவு தொடங்கினாலும் கடும் கோடைக்குள் வேர் பிடித்துவிடும், தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்.

அதற்குள் எல்லோரும் ஒரு வேலை செய்ய வேண்டும். ஐப்பசி மழை கொட்டும்போது அவரவர் பால்கனியிலிருந்து கிழக்குப் பக்கத்தைப் படம் எடுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழை விட்டு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று தேதியும் நேரமும் போட்டுச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். பி பிளாக் முதல் மாடிக்காரர்களுக்கு அந்த மூலை நன்றாகத் தெரியும், அவர்கள் படம் கட்டாயம் வேண்டும். படங்களைச் சேர்த்து ஒரு தாளில் மேடு பள்ளம் குறித்து வைக்கிறேன். காண்ட்ராக்டர் யாராக இருந்தாலும் அந்தத் தாளைக் கையில் கொடுத்துத்தான் கயிறு கட்டச் சொல்ல வேண்டும்.